இருபத்தெட்டு அடி ராம்ப்

1. மாடியில் ஆபீஸ்

வேலை கேட்டுப் போன முதல் நாளே முதலாளியைத் தெருவுக்கு இறக்கியவள் நான். திமிர் என்று நினைக்க வேண்டாம். கிழக்குத் தாம்பரத்தில் அந்த பில்டரின் ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது, நான் சக்கர நாற்காலியில் இருந்தேன்.

அதற்கு மூன்று வருடம் முன்புதான், சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது விபத்து. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும். விபத்தைப் பற்றிக் கேட்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலையைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. எங்கள் சைட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஜூனியர் இன்ஜினியர்கள் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அன்று கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாடிக்கே போன் போட்டேன். "சார், இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன், ஸ்டெல்லா. படி ஏற முடியாது. நீங்க கொஞ்சம் கீழே வர முடியுமா?" என்றேன். பிறகு செருப்புச் சத்தம் படியில் கேட்டது.

முதலாளி காதர் பாய் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் கேள்வி கேட்டார். கான்கிரீட் விகிதம் கேட்டார், சொன்னேன். செங்கல் கணக்கு கேட்டார், சொன்னேன். கடைசியில், "எங்கிட்ட வேலை கேட்டு வந்தவங்க எல்லாம் மேல ஏறி வந்தாங்கம்மா. நீங்கதான் என்னைக் கீழ எறக்கி இன்டர்வியூ எடுத்த மொத ஆளு" என்றார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். கீழ்த்தளத்தில் டைல்ஸ் சாம்பிள் அடுக்கிவைத்திருந்த அறையை ஒழித்து எனக்கு மேஜை போட்டார்கள்.

மேஜையில் உட்கார்ந்து டிராயிங் சரிபார்க்கும் வேலை. நல்ல வேலைதான். ஆனால் எனக்கு சைட் வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு புராஜெக்ட் முழுவதும் என் கையில் வேண்டும். கடைக்கால் தோண்டுவதிலிருந்து சாவி கொடுப்பது வரை. புராஜெக்ட் மேனேஜர் ஸ்டெல்லா. இதை அஸ்தினாபுரம் வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததுகூட உண்டு. அம்மா கேட்டுவிட்டு, "முதல்ல தலையை வாரு" என்றார்.

2. வண்டி ஓடும் பக்கம்

சைட்டுக்குள் என்னைக் கொண்டுபோனது என் நாற்காலிதான். கதை இப்படி.

கட்டி முடித்த ஒரு வீட்டைச் சும்மா பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துப் போயிருந்தேன். பாத்ரூமுக்குள் நுழைந்து சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன். நாற்காலி தானாக மெல்ல நகர்ந்து, தண்ணீர் போகும் ஓட்டை இருந்த மூலைக்கு எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் முட்டி நின்றது. பாத்ரூம் தரை ஓட்டையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். வாளி ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் முழுவதும் கதவுப் பக்கம் வந்து தேங்கியது. குடி வருவதற்கு முன்னால் கண்டுபிடித்ததால் நான்கு வரிசை டைல்ஸோடு போயிற்று.

அன்றிலிருந்து பாத்ரூம், பால்கனி, மொட்டை மாடி எதுவானாலும் கதவு மாட்டுவதற்கு முன் என் நாற்காலி உள்ளே ஓட வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் வழக்கமாகிவிட்டது. எங்கள் மேஸ்திரி முனுசாமி, டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்த இடத்தைக்கூட என் சக்கரம் வந்து போகும்வரை நம்ப மாட்டார். "மேடம் வண்டி எங்க போவுதோ, தண்ணி அங்கதான் போவும். எழுதி வெச்சிக்கோ" என்று மற்ற கொத்தனார்களிடம் சொல்வார். லிஃப்ட் இல்லாத சைட்டில் நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்குவார்கள். தூக்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் மேலே போனதும் ஆளாளுக்குக் குற்றம் கண்டுபிடிப்பேன், கணக்கு சரியாகிவிடும்.

நாற்காலியில் இருந்ததால் மற்ற இன்ஜினியர்கள் குனிந்து பார்க்காததெல்லாம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. வாஷ்பேசினுக்கு அடியில் பூசாமல் விட்ட ஓட்டை, கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் இல்லாதது, சுவிட்ச் பெட்டிக்குக் கீழே வெடிப்பு. இருபது வருடத்தில் சீனியர் இன்ஜினியர் ஆனேன். காதர் பாய் ஆபீஸைத் தரைத்தளத்துக்கே மாற்றினார். பார்க்கிறவர்களிடம் எல்லாம் எனக்காக மாற்றியதாகச் சொல்வார். அவருக்கு மூட்டு வலி என்பது எனக்குத் தெரியும்.

இடையிடையே பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். சால்வை போடுவார்கள். "இவங்களாலயே முடியுதுன்னா உங்களால ஏன் முடியாது" என்று பிள்ளைகளைப் பார்த்துத் தலைமையாசிரியர் கேட்பார். அந்த வாக்கியம் அப்போது எனக்கு இனித்தது. மறைக்க விரும்பவில்லை, நன்றாகவே இனித்தது. அது கசந்த நாளைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன்.

3. ஒரே மூச்சில்

முடிச்சூரில் வெள்ளம் வந்து போனபின் அங்கே வீடு கட்டும் எல்லோரும் பிளிந்த்தை உயர்த்தினார்கள். தெருவிலிருந்து தரைத்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பிளிந்த். முன்பெல்லாம் ஒன்றரை அடி போதும் என்பார்கள். நாங்கள் கட்டிய பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்ட்டில் மூன்றரை அடி வைத்தோம். வாங்குகிறவர்கள் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

பிளிந்த் உயர்ந்தால், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமான ராம்ப்பும் நீள வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. மூன்றரை அடிக்கு நாற்பத்திரண்டு அடி. டிராயிங்கில் அப்படித்தான் போட்டிருந்தேன். சைட்டில் டேப் பிடித்தபோது காம்பவுண்ட் சுவர் வரை இருபத்தெட்டு அடிதான் இருந்தது. நாற்பத்திரண்டு வேண்டுமென்றால் ராம்ப்பைத் திருப்ப வேண்டும். திருப்பினால் விருந்தாளிகள் கார் நிறுத்தும் இடம் போகும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காதர் பாய் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. டிராயிங்கில் நாற்பத்திரண்டு இருக்கிறதே என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். நான்தான், "அதெல்லாம் புஸ்தகக் கணக்கு பாய். இருபத்தெட்டே போதும், நானே ஏறிடுவேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். சிறுசேரி பக்கம் அறுபது வீடு கொண்ட புராஜெக்ட் ஒன்று அந்த வருடம் தொடங்க இருந்தது. அதற்கு மேனேஜர் யார் என்று பாய் யோசித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய சைட்டில் நாற்காலியோடு எப்படி என்று அவருக்குத் தயக்கம். நேரில் சொல்லவில்லை, ஆனால் இருபது வருடம் பழகியவர் முகம் தெரியாதா? முடியாது என்ற சொல் என் வாயிலிருந்து வரக்கூடாது என்று அந்த வருடம் ஒரு வெறியோடு இருந்தேன்.

ராம்ப் போட்டுக் காய்ந்ததும் எல்லோரும் கூடினார்கள். கீழிருந்து இரண்டு கையாலும் சக்கரத்தை உந்தினேன். நடுவில் நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பியபோது சித்தாள்கள் கை தட்டினார்கள். "இன்னா மேடம், சும்மா ஜெட்டு மாறி ஏறிக்கினு போற" என்றார் முனுசாமி. அன்றே கைப்பிடிக் கம்பியும் தேவையில்லை, இடத்தை அடைக்கும் என்று எழுதி, செக்லிஸ்ட்டில் ராம்ப்புக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பாய் தன் போனில் வீடியோ எடுத்து, வீடு பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

4. முத்தல் கத்திரிக்காய்

நான்கு மாதம் கழித்து அதே அபார்ட்மென்ட்டின் தரைத்தள வீட்டிலிருந்து சுவரில் ஈரம் என்று புகார் வந்தது. போனேன். ராம்ப்பில் வழக்கம்போல ஒரே மூச்சில் ஏறினேன்.

வீட்டுக்காரர் சுந்தரேசன், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், எழுபது வயது, ஒல்லி. அவர் மனைவி லலிதா அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு தெளிவு. சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், குழாய் இணைப்பில்தான் கசிவு. கிளம்பும்போது மரியாதைக்கு, வெளியில் எங்கேயாவது போய் வருகிறீர்களா என்று லலிதா அம்மாவைக் கேட்டேன்.

குடிவந்த நாளிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை.

முதல் வாரத்தில் ஒருமுறை இறங்கியிருக்கிறார்கள். திரும்பி ஏறும்போது பாதி வழியில் சுந்தரேசன் சாருக்குக் கை தளர்ந்து நாற்காலி பின்னால் உருண்டிருக்கிறது. வாட்ச்மேன் ஓடிவந்து முட்டுக் கொடுத்ததால் தப்பித்தார்கள். அதோடு சரி. தள்ளுவண்டிக்காரர் வாசலில் வந்து கூவினால் சார் மட்டும் போய்க் காய் வாங்கி வருவார்.

"இவர் வாங்கறது எல்லாம் முத்தல். கத்திரிக்காயை நான் கையில எடுத்துப் பார்த்து வாங்கணும். அவ்வளவுதான் எனக்கு ஆசை" என்றார் லலிதா அம்மா.

ராம்ப் அவ்வளவு ஒன்றும் செங்குத்தில்லையே என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சுந்தரேசன் சார் தலையைக் குனிந்துகொண்டார். லலிதா அம்மா என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க ஏறினதை இங்க எல்லாரும் வீடியோல பார்த்திருக்காங்கம்மா. ஒரு பொம்பளை, கால் வராதவங்க, தானே ஏறிட்டாங்க, நீங்க தள்ளக்கூட முடியலயான்னு இவரைக் கேக்கறாங்க. பாவம், இவர் என்ன பண்ணுவார்?"

தலைமையாசிரியர் மேடையில் சொல்லும் அதே வாக்கியம்தான். இங்கே அது ஒரு கிழவரின் கழுத்தைப் பிடித்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் சுந்தரேசன் சாரிடம் என்னை ஒருமுறை ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். கீழே போய், சக்கரத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் தள்ளினார். பத்தடி வரை வந்தது. பிறகு அவர் மூச்சு என் காதுக்குப் பின்னால் கேட்டது, நாற்காலி நின்றது, பின்னால் நகர ஆரம்பித்தது. பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. நானே கட்டிய ராம்ப்பில் நானே பயந்தேன்.

இருபது வருடம் நாற்காலியைக் கையால் உந்தி உந்தி என் தோள் கொத்தனார் தோள் ஆகியிருந்தது. அந்தத் தோளை வைத்து நான் ராம்ப்பை அளந்திருக்கிறேன். காலால் நடக்கும் எந்த இன்ஜினியரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். அவர் விதியைப் பார்த்து நாற்பத்திரண்டு அடி போட்டிருப்பார். நாற்காலியில் இருப்பவள் என்பதால்தான் எனக்கு எல்லாம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

5. ஒன்றரை மூட்டை

மறுநாள் பாயிடம் போய் ராம்ப் தப்பு, இடித்துவிட்டு நாற்பத்திரண்டு அடி போட வேண்டும் என்றேன். சிறுசேரி மேனேஜர் யார் என்று முடிவாகும் சமயம் அது. வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று என் உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த லலிதா அம்மா அவளைப் பேச விடவில்லை.

"நீங்கதானே ஏறிக் காட்டினீங்க?" என்றார் பாய்.

"ஆமா பாய். அதுதான் தப்பு. வாங்க, காட்டறேன்."

ஆபீஸில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பழைய ஆஸ்பத்திரி நாற்காலியை வண்டியில் ஏற்றி முடிச்சூருக்குக் கொண்டுபோனோம். அதில் ஒரு மூட்டை சிமெண்ட்டும் அதன் மேல் அரை மூட்டை மணலும் வைத்துக் கயிற்றால் கட்டச் சொன்னேன். கிட்டத்தட்ட லலிதா அம்மாவின் எடை. உருண்டால் தடுக்க இரண்டு பேரைப் பின்னால் நிறுத்தினேன். கான்கிரீட்டுக்கு லோடு டெஸ்ட் பண்ணுகிறோம், ராம்ப்புக்கு ஏன் பண்ணக் கூடாது?

முதலில் முனுசாமி தள்ளினார். பாட்டுப் பாடிக்கொண்டே மேலே போய்விட்டார். அடுத்து எங்கள் அக்கவுண்டன்ட். எட்டு அடியில் நின்று, மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். அடுத்து ஆறாம் நம்பர் வீட்டுக்காரர், சுந்தரேசன் சாரை அதிகம் கேலி செய்தவர் அவர்தான் என்று வாட்ச்மேன் காதில் போட்டிருந்தார். பாதி வழியில் அவர் செருப்பு வழுக்கியது. நாற்காலியைப் பின்னால் நின்றவர்களிடம் விட்டுவிட்டு இறங்கி வந்தார். கடைசியில் காதர் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் வேண்டாம் என்றேன், மூட்டு வலியை ஞாபகப்படுத்தினேன், கேட்கவில்லை. முக்கால் தூரம் வந்தார். அங்கே நின்று, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் முனுசாமியைப் பார்த்தார்.

"இன்னா பாய், நாள பின்ன மேடத்த நீ வீடியோ எடுக்க சொல்லோ யோசிச்சு எடு" என்றார் முனுசாமி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டே.

பாய் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்த வீடியோவை அங்கேயே போனிலிருந்து அழித்தார்.

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டம். விருந்தாளிகள் கார் எங்கே நிற்கும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். தெருவில் நிற்கட்டும் என்று முதலில் சொன்னவர் அந்த ஆறாம் நம்பர் வீட்டுக்காரர். ராம்ப்பை இடிக்கும் அன்று நானும் போய் நின்றேன். நீ ஏறினதை நானே உடைக்கணுமா என்று முனுசாமிக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை. புதிய ராம்ப் இப்படி: இருபத்தொரு அடி ஒரு ஓட்டம், நடுவில் நின்று திரும்ப சமதளமாக ஐந்தடி லேண்டிங், மறுபடி இருபத்தொரு அடி. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி.

சிறுசேரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இடிபட்ட ராம்ப்பின் தூசி அடங்குவதற்கு முன்பே பாயின் மேஜைக்கு எதிரே போய் நின்று, நாற்காலியில் இருப்பவள் நின்று என்று எழுதலாமா தெரியவில்லை, அந்த அறுபது வீடும் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். பாய் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்பத்தான் ஒண்ணை இடிச்சோம். அதுக்குள்ள புரமோஷனா?"

"இடிக்கச் சொன்னது யாரு பாய்?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு சிறுசேரி டிராயிங்குகளை என் மடியில் கொண்டுவந்து வைத்தார். அறுபது வீட்டுக்கும் ராம்ப் போடும் இடத்தை முதலில் குறித்துவிட்டு அப்புறம் கார் நிறுத்துமிடம் குறிக்கச் சொன்னார். அந்தக் கட்டடம் இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறது. மேலே போக வேண்டிய நாளில் இன்னமும் நான்கு பேர்தான் தூக்குகிறார்கள், இன்னமும் எனக்கு அது பிடிக்காது, இன்னமும் மேலே போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறேன்.

ஜூனியர்களே, நான் கற்றது இதுதான். பெரிதாக ஆசைப்படுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் உங்களால் முடிந்ததை அடுத்தவருக்கு அளவுகோலாக நீட்டாதீர்கள். எங்கள் செக்லிஸ்ட்டில் ராம்ப்புக்கு இப்போது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதில் ஏறப்போவது யார்? அவரைத் தள்ளப்போவது யார்? கையெழுத்து அந்த இருவரில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். இன்ஜினியருடையது செல்லாது.

முதல் கையெழுத்து வாங்க முடிச்சூருக்கு நானே போனேன். சுந்தரேசன் சார் லலிதா அம்மாவைக் கீழே இறக்கினார், திருப்பினார், மேலே தள்ளினார். லேண்டிங்கில் நின்று இளைப்பாறினார், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார், மறுபடி தள்ளி மேலே வந்தார். நான் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். லலிதா அம்மா இடது கையால் எழுதப் பழகியிருந்தார். பேனாவை வாங்கியவர், எழுதாமல் மடியில் வைத்துக்கொண்டார். தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் குரல் கேட்டது.

"டெஸ்ட் இன்னும் முடியலம்மா. இருங்க, கத்திரிக்காய் வாங்கிட்டு வந்து போடறேன்" என்று சொல்லிவிட்டு, கணவரைப் பார்த்துக் கீழே கை காட்டினார்.

அரை மணி நேரம் காத்திருந்தேன். அந்தச் செக்லிஸ்ட் என் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கோணல்மாணலாக லலிதா என்று இருக்கும். அதன் கீழே அவரே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: காய் பிஞ்சு.